வயிற்றுப் பிள்ளைக்கு ஒரு போஸ்டர்

கையில் ஒரு தூக்குச்சட்டி, அதற்குள் ஐந்து வகைச் சோறு. சட்டைப் பையில் ஆரத்தித் தண்ணீரைக் குடித்துச் செத்துப்போன போன். இரண்டு கன்னத்திலும் சந்தனம். இந்தக் கோலத்தில், பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்குப் போகும் தார் ரோட்டில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே உச்சி வெயிலில் நான் நடந்துகொண்டிருந்தேன். எதிரில் வந்தவர்கள் என் கன்னத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். ஏதோ நல்ல காரியத்திலிருந்து வருகிறான் என்று நினைத்திருப்பார்கள். நல்ல காரியம்தான். என் மனைவியின் வளைகாப்பு. பந்தியில் இலை போடுவதற்குள் என்னை மட்டும் கிளம்பச் சொல்லிவிட்டார்கள்.

ஓர் இடத்தை விட்டு நடப்பது எனக்குப் புதிதில்லை. பீர்மேடு பக்கம் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நடந்தேன். காந்தலூரில் பூண்டு பிடுங்கினேன், கேரட் கழுவினேன். ஜீப்புக்கு ஆள் கூப்பிட்டேன். மூணாறு பக்கம் ஓர் ஓட்டலில் பாத்திரம் கழுவினேன். ஏதாவது ஒரு காலையில் கால் அரிக்கும், கிளம்பிவிடுவேன். பட்டினி கிடந்ததுண்டு, பஸ் ஸ்டாண்டில் படுத்ததுண்டு. அதெல்லாம் பெரிய விஷயமாகத் தோன்றியதில்லை. ஆனால் நானாகக் கிளம்பி நடப்பதற்கும், 'போங்க' என்று ஒருவர் சொல்லி நடப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவது நடைக்குச் செருப்பு கனக்கும்.

(மாமனார் ஊரில் கொங்குத் தமிழ். அடித்து விரட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் விரட்டுவார்கள். திரும்பி நின்று சண்டை போடக்கூட வழியில்லை.)

நடந்தது என்னவென்று சொல்கிறேன். கொஞ்ச காலம் லாரியில் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தேன். அப்படிப் போன தோப்புகளில் ஒன்று என் மாமனாருடையது. தேங்காயோடு அவர் மகள் சுகன்யாவின் மனசையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். கோயிலில் தாலி கட்டினோம். அவர் என்னோடு பேசுவதில்லை. நேரில் பார்த்தால் பக்கத்தில் நிற்கும் தென்னை மரத்திடம் பேசுவார். "இந்த வருசம் வேலை ஏதாச்சும் மாத்திட்டாங்களான்னு கேட்டுச் சொல்லு" என்பார். மரம் பதில் சொல்லாது. நானும் சொல்ல மாட்டேன்.

சுகன்யா உண்டானபோது நாங்கள் போடிமெட்டில் இருந்தோம். எனக்கு ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை. தங்கியிருந்த அறைக்குள் சாயங்காலமானால் கதவைத் தட்டாமல் மேகம் வந்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி ஏற வேண்டும். மாமியார் வந்து பார்த்தார், மகளின் துணிகளை மடிக்க ஆரம்பித்தார். அழைத்துக்கொண்டு போய்விட்டார். பின்னாலேயே மாமனாரிடமிருந்து தகவல் வந்தது. குழந்தை பிறப்பதற்குள் மாப்பிள்ளை ஓரிடத்தில் நின்று ஓர் உருப்படியான வேலை பார்த்துக் காட்ட வேண்டும். காட்டினால் தாயையும் பிள்ளையையும் அனுப்புவார். இல்லையென்றால் பிள்ளை தோப்பு வீட்டில் வளரும்.

ஒரு சாயங்காலம் சுகன்யா போன் செய்தாள்.

"ஏனுங்க, கொழந்தைக்கு இப்பவே காது கேக்குமாமா."

"ஆரு சொன்னா?"

"அங்கன்வாடி டீச்சருங்க. அப்பனோட சத்தத்த வயித்துல இருக்கறப்பவே கேட்டுப் பழகோணுமாமா. அப்பத்தான் பொறந்ததும் அடையாளங் கண்டுக்குமாமா. இங்க நாள் முச்சூடும் எங்கய்யன் சத்தந்தான் கேக்குது. அது வெளிய வந்து அவரைத்தான் அப்பான்னு நெனச்சுக்கும்."

மாமனாரின் சத்தம் எனக்குத் தெரியும். தோப்பின் ஒரு முனையில் நின்று மறுமுனையில் இருக்கிற மாட்டைத் திட்டுவார். மாடு கேட்கும்.

"நான் தெனமும் போன்ல பேசுறேன் புள்ள."

"பேச வேண்டாமுங்க. நீங்களாப் பேசுனா பாதி பொய்யா வருது. அச்சுல இருக்கறத எடுத்துப் படிங்க. படிச்சு அனுப்புங்க. நான் போனை வயித்து மேல வெச்சுக்கறேன்."

என் பிள்ளை என் குரல் தெரியாமல் பிறந்துவிடுமோ என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பயம் வந்தது. எந்த ஊரிலும் என்னைத் தெரிந்தவர்கள் என்று அதிகம் பேர் கிடையாது. இந்த ஓர் ஆளுக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. படிப்பதென்று முடிவு செய்தேன்.

நான் படிக்கும் விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் தோட்டப் பள்ளிக்கூடம் ஒரே கூடம். ஒரு மூலையில் இரண்டாம் வகுப்பு, ஒரு மூலையில் நான்கு. சுவருக்கு அந்தப் பக்கம் தேயிலை பேக்டரி. மிஷின் ஓடினால் பலகை அதிரும். அந்த மிஷினைத் தாண்டி வாத்தியாருக்குக் கேட்கிற மாதிரி படிக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் தேயிலைக் குச்சியால் அடி. அர்த்தம் கேட்டவர் யாருமில்லை. அதனால் எனக்கு மூன்று பழக்கம் ஒட்டிக்கொண்டது. வரிக்குக் கீழே விரலை வைக்காமல் படிக்க வராது, கத்தாமல் படிக்க வராது, ஆரம்பித்தால் நிறுத்த வராது. கண்ணிலிருந்து வாய்க்கு நேராக ஒரு பஸ் ஓடும். நடுவில் மூளை என்று ஒரு ஸ்டாப் இருக்கிறது, அங்கே அந்த பஸ் நிற்காது.

அடுத்த தொல்லை, படிப்பதற்குத் தமிழ் வேண்டும். எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. தோட்டத்தில் போர்டெல்லாம் மலையாளம். கிடைத்த ஒரே தமிழ், பூச்சி மருந்து டப்பாவோடு மடித்து வரும் தாள். அதில் பல பாஷை இருக்கும், தமிழும் ஓர் ஓரத்தில் இருக்கும். முதல் நாள் அதைத்தான் படித்து அனுப்பினேன்.

மறுநாள் சுகன்யா கேட்டாள். "ஏனுங்க, 'குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்'னு எதுக்குங்க அந்தக் கத்து கத்துனீங்க? அது சுருண்டு போய்க் கெடந்துச்சு."

அடுத்து வடை மடித்த பேப்பர். போடியிலிருந்து வரும் பழைய பேப்பர் அது. ஒரு தொடர்கதையின் துண்டு. ஒருத்தி பெட்டியோடு ரயிலேற, எதிர் சீட்டில் இருந்தவன் "நீ யார் என்று எனக்குத் தெரியும்" என்று சொல்ல, அந்த இடத்தில் எண்ணெய்க் கறை. சுகன்யாவுக்கு மிச்சக் கதை வேண்டும். பிள்ளைக்கும் வேண்டுமாம், உதைக்கிறதாம். மிச்சத்தைத் தேடி அந்த வாரம் முழுக்க வடை தின்றேன். நெஞ்செரிச்சல் வந்ததுதான் மிச்சம். அந்தப் பெண் இன்னும் ரயிலில்தான் இருக்கிறாள்.

அப்போதுதான் டீக்கடைச் சுவரில் அந்த போஸ்டர் வந்தது.

போடிமெட்டில் பாண்டி அண்ணன் டீக்கடை வாசலில்தான் எனக்கு சிக்னல் கிடைக்கும். அங்கேயும் போன் ஒரு நிமிஷம் கேரளத்தில் இருக்கும், அடுத்த நிமிஷம் தமிழ்நாட்டுக்குப் போய்விடும். என்னைவிட அலைகிற போன். அந்த வாசலில் நின்று திரும்பினால், கடைச் சுவர் பூராவும் புது போஸ்டர். யாரோ ஒரு ஜீப் டிரைவர் தவறிவிட்டார். கூட்டாளிகள் போடியில் அச்சடித்துக் கொண்டுவந்து ஒட்டியிருந்தார்கள். நல்ல கண்ணீர் அஞ்சலி. முழங்கை நீளத்துக்கு எழுத்து. மருந்துத் தாளில் எறும்பு எறும்பாகப் படித்து நொந்திருந்த எனக்கு அதைப் பார்த்ததும் கண் குளிர்ந்தது. தமிழும் சாதாரணத் தமிழில்லை.

'பாசத்தின் சிகரமே! மலையேறி வந்த மாணிக்கமே! நீ சிரித்தால் எங்கள் லயம் விடியும், நீ அழைத்தால் எங்கள் பொழுது புலரும். குலம் தழைக்க வந்த கோமகனே!'

இவ்வளவும் மேல் பாதி. அதற்குக் கீழேதான் சாவு.

நான் அவ்வளவு விவரம் கெட்டவனில்லை. வயிற்றுப் பிள்ளைக்குச் சாவு நோட்டீஸ் படிக்கக்கூடாது என்று தெரியும். அதனால் மேல் பாதியை மட்டும் படித்தேன். விரலைச் சுவரில் வைத்து வரி வரியாகத் தள்ளிக்கொண்டு போனேன். 'கோமகனே' வந்ததும் விரலைச் சுவரில் அழுத்தி நிறுத்திவிட்டேன்.

பாண்டி அண்ணன் டீ ஆற்றிக்கொண்டே கேட்டார். "என்னப்பா, செவத்துக்கே பாடம் நடத்துறியா?"

"எம்புள்ளைக்குப் படிக்கிறேண்ணே."

"புள்ளையா? எங்க இருக்கு?"

"பாலக்காட்டுல. வயித்துக்குள்ள."

அவர் மலையை ஒரு பார்வை பார்த்தார். "அவ்வளவு தூரமா? அப்ப இந்தச் சத்தம் பத்தாதேப்பா" என்றார்.

அன்றைக்கு சுகன்யா போன் செய்தபோது அவள் குரலே மாறியிருந்தது. "ஏனுங்க, அழுகாச்சியா வந்துருச்சு. எவ்வளவு நல்லா இருக்குதுங்க! ஆருங்க எழுதுனது?"

சுற்றிலும் மேகம். பக்கத்தில் யாருமில்லை. "நாந்தேன்" என்றேன்.

ஒரு வார்த்தைதான். அது கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கிப் போய்த் தோப்பு வீட்டில் நின்றது. சுகன்யா அந்தக் குரலை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினாள், அம்மா அத்தைக்குச் சொன்னார், அத்தை ஊருக்குச் சொன்னார். இரண்டு நாள் கழித்து என் போனில் மாமனார் வந்தார். பக்கத்தில் தென்னை மரம் இல்லை போலிருக்கிறது, நேராக என்னிடமே பேசினார்.

"மாப்ள, வெள்ளிக்கெழம வளைகாப்புங்க. ஒறம்பரை சனமெல்லாம் வருது. நீங்க கொழந்தைக்கு எழுதுன அந்தப் பாட்டைக் கொண்டாந்து படிக்கோணும். என்ற மருமகன் இன்னாருன்னு நாலு பேரு தெரிஞ்சுக்கட்டும்."

'மாப்ள' என்று அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்த நேரத்தில் உண்மையைச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

மனப்பாடம் எனக்கு வராது. எழுதுவது படிப்பதைவிட மோசம். போஸ்டரைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டேன். மேல் பாதியை மட்டும் எடுத்திருக்கலாம். நான்கு அடி பின்னால் போய் நின்று, ஓரம் வெட்டுப்படாமல், இறந்தவர் படம், கீழே பெயர்கள் எல்லாம் விழுகிற மாதிரி முழுசாக எடுத்தேன். பாதி போஸ்டரை எடுத்தால் செத்தவருக்கு மரியாதையில்லை என்று தோன்றியது. (செத்தவரைப் பற்றி யோசித்த அளவுக்கு என்னைப் பற்றி யோசித்திருக்கலாம்.)

வெள்ளிக்கிழமை. வீட்டு வாசலில் பந்தல். சுகன்யா பட்டுச்சேலையில் மணையில் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் வரிசையாக வந்து கன்னத்தில் சந்தனம் பூசி, கண்ணாடி வளையல் போட்டார்கள். சந்தனம் மிஞ்சியதால் எனக்கும் பூசினார்கள். ஆண்கள் பந்தல் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாமனார் மைக் செட் வேறு சொல்லியிருந்தார். சவுண்ட் சர்வீஸ் மணி அண்ணன் பெட்டி ஆட்டோவில் வந்து, தென்னை மரத்தில் ஏறி, ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி, ஊரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார். எனக்கு மைக்கே தேவையில்லை. அதைச் சொன்னால் நான் அடக்கமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டார்கள்.

"மாப்ள வாங்க, கூச்சப்படாதீங்க" என்றார் மாமனார். எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றேன். ஒரு கையில் மைக், ஒரு கையில் போன். வரிக்குக் கீழே கட்டைவிரலை வைத்தேன்.

"பாசத்தின் சிகரமே!"

தென்னையில் இருந்த காக்கைகள் பறந்தன. மாமியார் முந்தானையால் கண்ணைத் தொட்டார். மாமனார் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து மீசையைத் தடவினார். "மலையேறி வந்த மாணிக்கமே!" என்றேன். நாற்காலியில் இருந்த ஒருவர் "ஆகா" என்றார். இன்னும் இரண்டு வரி நன்றாகவே போனது. இரண்டாவது 'ஆகா'வும் வந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. சுவரில் விரலை வைத்துத் தள்ளினால் சுவர் நகராது. போனில் விரலை வைத்துத் தள்ளினால் போட்டோ நகரும்.

'புலரும்' என்று முடித்து அடுத்த வரிக்கு விரலைத் தள்ளினேன். படம் வழுக்கிக்கொண்டு மேலே போனது. கண் முன்னால் என்ன எழுத்து வந்து நின்றதோ அதை வாய் படித்தது. பஸ்ஸுக்குத்தான் மூளையில் ஸ்டாப் இல்லையே.

"எங்களையெல்லாம் தவிக்கவிட்டு எங்கே சென்றாய்?"

முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பாட்டில் அப்படியெல்லாம் வரும் என்று நினைத்திருப்பார்கள். ஒருவர் தலையைக்கூட ஆட்டினார். எனக்கு விளங்கிவிட்டது. நிறுத்து நிறுத்து என்று உள்ளே ஒருவன் கத்துகிறான். ஆனால் பேக்டரி மிஷினையும் தேயிலைக் குச்சியையும் பார்த்து வளர்ந்த வாய், அது நிற்கவில்லை. பதற்றத்தில் விரல் இன்னும் வேகமாகத் தள்ளியது.

"அன்னாரின் இறுதி ஊர்வலம் இன்று மாலை நான்கு மணியளவில் அவரது இல்லத்திலிருந்து புறப்படும்! உற்றார் உறவினர் அனைவரும் திரண்டு வாரீர்! இவண், கண்ணீர்க் கடலில் மூழ்கிய ஜீப் டிரைவர்கள் மற்றும் கிளீனர்கள்!"

போஸ்டர் முடிந்ததால்தான் நிறுத்தினேன்.

வளையல் தட்டு வைத்திருந்த அத்தை, மாமனாரின் தங்கை, முதலில் வாயைத் திறந்தார். "ஏனுங் மாப்ள, இது வளைகாப்பு ஊடுங்க! எழவூடு இல்லீங்க!"

ஒரு கிழவி இரண்டு கையையும் சொடுக்கித் திருஷ்டி கழித்தாள். மாமியார் ஆரத்தித் தட்டைத் தூக்கிக்கொண்டு என்னைச் சுற்ற வந்தாரா, மகளைச் சுற்ற வந்தாரா தெரியவில்லை. நான் விலகப் போய் அவர்மேல் இடித்து, போன் நழுவி, சிவப்புத் தண்ணீருக்குள் விழுந்தது. உள்ளே கிடந்தபடி இரண்டு முறை மின்னி அணைந்தது.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. மணி அண்ணன் குழாயை ஊரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார் என்று சொன்னேன் அல்லவா? மூன்று வீதிக்காரர்களும் ஓடி வந்துவிட்டார்கள். கள்ளிறக்குகிறவர் ஒருவர் தலையில் இருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். வந்தவர் நேராக மாமனாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, துக்கம் கேட்டார்.

"நேத்துக்கூட எல்லாரும் நல்லாத்தானுங்களே இருந்தாங்க. ஆருங்க தவறுனது?"

மாமனார் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இதுவரைக்கும் ஆருமில்லீங்க."

அப்போதுதான் வளையல் சத்தம் கேட்டது. சுகன்யா சிரித்துக்கொண்டிருந்தாள். முழங்கைவரைக்கும் வளையல், உடம்பெல்லாம் குலுங்கிச் சிரிப்பு. மாமியார் பதறிப்போய், "சிரிக்காத கண்ணு, வலி கண்டுரும்" என்றார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "உதைக்குதும்மா! அவரு படிச்சா மட்டும் உதைக்குது!" என்றாள்.

"பின்ன? அதுக்கே பொறுக்க மாட்டீங்குது" என்றார் அத்தை.

மாமனார் என்னைப் பந்தலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார். தென்னை மரத்துக்கு அடியில் நின்றோம். அன்றைக்கு அவர் மரத்தைப் பார்க்கவில்லை.

"இது நீங்க எழுதுனதுங்களா?"

"இல்லீங்க மாமா."

"பின்ன எங்கிருந்துச்சு?"

"செவத்துலங்க. டீக்கடைச் செவத்துல."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"படிப்பு வராததெல்லாம் ஒரு குத்தமில்லீங்க. நானும் பெருசாப் படிச்சவனில்லை. நீங்க ஆருன்னு கேட்டா ஒரு வேலையச் சொல்லோணும்ங்க மாப்ள. இன்ன எடத்துல இன்ன வேலை பாக்கறாருன்னு நாலு பேருக்குத் தெரியோணும். அப்படி ஒரு வேலையில நின்னுட்டு வாங்க. இப்பப் போங்க."

பின் வாசலில் சுகன்யா தூக்குச்சட்டியோடு நின்றாள். சிரித்துச் சிரித்துக் கண் மை கரைந்திருந்தது. ஆனால் இப்போது சிரிக்கவில்லை.

"போனு செத்துப்போச்சுங்களா?"

"ஆமா புள்ள."

"அப்ப எப்படிங்க கேக்கும் அதுக்கு?" வயிற்றைத் தொட்டுக்கொண்டு கேட்டாள். "எப்படியாச்சும் கேக்க வெச்சுருங்க. அது காத்துக்கிட்டு இருக்குதுங்க. நெசமா."

தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு நடந்தேன். அந்த நடைதான் முதலில் சொன்ன நடை. புதுப் போன் வாங்க வழியில்லை. போடிமெட்டுக்குத் திரும்பிப் போனால் மறுபடியும் மருந்து டப்பா, மேகம். அடுத்த தடவை வரும்போது ஒரு குழந்தை என்னைப் பார்த்து அழும். அதன் கண்ணில் நான் லாரியில் வந்த யாரோ ஒருவன்.

பின்னால் ஹாரன். மணி அண்ணனின் பெட்டி ஆட்டோ. பின்னால் குழாய்களும் ஒயர்ச் சுருள்களும் ஆடிக்கொண்டு வந்தன. அவருக்கும் அங்கே சாப்பாடு போடவில்லை. குழாய் அவருடையதல்லவா.

"ஏறுங்க" என்றார். ஏறினேன். தூக்குச்சட்டியைத் திறந்தேன். ஒரு வாய்க்கால் பாலத்தில் நிறுத்தி, இரண்டு பேரும் சோறு தின்றோம். புளிச்சோறு முடிந்து தேங்காய்ச்சோற்றுக்கு வரும்போது அவர் கேட்டார்.

"எங்க போறீங்க?"

"போடிமெட்டு. மருந்தடிக்கிற வேலைக்கு."

"வேண்டாமுங்க."

"ஏண்ணே?"

"நான் இத்தன வருசமா இந்த மைக்கப் புடிச்சுக்கிட்டு வீதி வீதியாக் கத்தறேன். திருவிழாங்கறேன், கண் பரிசோதனைங்கறேன், மாடு காணோமுங்கறேன். ஒருத்தன் ஊட்டை உட்டு வெளிய வந்து என்னான்னு கேட்டதில்லைங்க. நீங்க ஒருக்காப் படிச்சீங்க, மூணு வீதி ஓடியாந்துருச்சு!" சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. "நாளைக்குக் காலையில வந்துருங்க. எனக்குத் தமிழ்ல படிக்கறதுக்கு ஆளில்லை. படிச்சுக்கிட்டு இருந்த பையன் திருப்பூருக்குப் போயிட்டான். மலையாளம் என்ற சம்சாரம் படிச்சுக்குவா."

"எனக்கு நிறுத்த வராதுண்ணே."

"எதுக்குங்க நிறுத்தோணும்?" என்றார்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மகள் பிறந்தாள். இப்போது இரண்டாம் வகுப்பு. ஆஸ்பத்திரியில் அவளைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தபோது வீறிட்டு அழுதாள். மாமனார் "கண்ணு, கண்ணு" என்று கொஞ்சிப் பார்த்தார், அழுகை நிற்கவில்லை. என் வாய்க்கு அப்போது நன்றாக வந்த ஒன்றைச் சொன்னேன். கரண்ட் ஆபீஸ் அறிவிப்பு. அழுகை சட்டென்று நின்றது. கண்ணை உருட்டி, சத்தம் வந்த திசையைப் பார்த்தாள். நர்ஸ் ஓடி வந்து, "நிஜமா கரண்ட் போகுமோ சேட்டா?" என்று கேட்டார்.

இன்றைக்கும் அவள் அடம் பிடித்தால், சுகன்யா அடுப்படியிலிருந்து சொல்வாள். "ஏனுங்க, கரண்ட்டைக் கட் பண்ணுங்க." மாமனார் ஒரு படி மேலே. வீட்டுக்கு யார் எந்தப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தாலும், என் பக்கம் நீட்டினால் தடுத்துவிடுவார். "மாப்ள கையில குடுத்துராதீங்க. படிச்சுருவாரு."

அந்த மறுநாள் காலைக்கு வருகிறேன்.

மணி அண்ணன் ஒரு தாளை அட்டையில் ஒட்டிக் கொடுத்தார். பெரிய எழுத்து. விரலை வைத்துப் பார்த்தேன், நகரவில்லை. ஆட்டோ முன் சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மைக்கைப் பிடித்து, இரண்டு ஊர் படித்தோம். மூன்றாவது ஊருக்குத் திரும்பும்போதுதான் ரோடு எனக்குத் தெரிந்த ரோடாக இருந்தது.

"அண்ணே, இந்த வீதி வேண்டாண்ணே."

"கரண்ட் போறது இந்த வீதிக்குந்தானுங்களே?" என்று சொல்லிக் கியரைக் குறைத்தார்.

பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. மாமனார் வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். நான் அட்டையைப் பார்த்தேன். விரலை வைத்தேன்.

"பொதுமக்களின் கவனத்திற்கு! மின் கம்பிகளில் உரசும் தென்னை மட்டைகளை வெட்டி அகற்றும் பணி நடைபெற இருப்பதால், இன்று காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை, இப்பகுதியில் மின்சாரம் இருக்காது!"

வீட்டுக்குள்ளிருந்து வளையல் சத்தம் வந்தது. சுகன்யாவும் வந்தாள். கதவு நிலையை ஒரு கையால் பிடித்திருந்தாள். மற்றக் கை வயிற்றின்மேல் இருந்தது. கையைக் கொஞ்சம் நகர்த்தி, இன்னோர் இடத்தில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"ஆகவே பொதுமக்கள் முன்னேற்பாடாகத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்!"

அறிவிப்பு முடிந்துவிட்டது. ஆட்டோ வாசலைத் தாண்டவில்லை.

"இன்னொரு தடவை படிச்சுக்கிறேண்ணே."

"ஒரு வீதிக்கு ஒருக்காதானுங்க கணக்கு" என்று மணி அண்ணன் கியர் போடப்போனார்.

மாமனார் வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு, எங்கள் யாரையும் பார்க்காமல், பக்கத்தில் இருந்த தென்னை மரத்தைப் பார்த்துச் சொன்னார்.

"படிக்கச் சொல்லு. பின்னால தோப்புல இருக்கறவனுக்குக் கேட்டிருக்காது."

விரலை முதல் வரிக்குக் கொண்டுபோனேன்.